ஜாக்3டி: "பழைய ஃபார்முலா"வைத் தேடுவோருக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இயங்கிய யுஎஸ்பிலாப்ஸ் நிறுவனத்தின் ஜாக்3டி என்னும், உடற்பயிற்சிக்கு முன் நீரில் கலந்து குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் தூள், டிஎம்ஏஏ என்ற செயற்கை ஊக்கி சேர்ந்த தன் முதல் வடிவத்தில் 2013-ஆம் ஆண்டோடு சந்தையை விட்டுப் போய்விட்டது. போன பொருளுக்கு இப்போது எதற்கு மதிப்புரை என்று கேட்பவர்கள், ஜிம் வட்டாரத்தில் அதன் பெயர் இன்னும் எப்படி உச்சரிக்கப்படுகிறது என்பதைக் கவனித்தால் போதும். "பழைய ஃபார்முலா எங்கே கிடைக்கும்" என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கிக்கை அப்படியே தருவதாகச் சொல்லி, அதே ஊக்கியையோ அதன் ஒன்றுவிட்ட உறவையோ சேர்த்து விற்கும் டப்பாக்களும் வெளிநாட்டு இணையக் கடைகளில் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நான் இத்தூளைக் குடித்துப் பார்த்து எழுதவில்லை, குடித்துப் பார்க்கும் எண்ணமும் இல்லை. அதன் லேபிள், அதில் இருந்த ஊக்கியைப் பற்றி வெளியான ஆய்வுகள், அரசு அமைப்புகளின் அறிவிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை வைத்தே இதை மதிப்பிடுகிறேன். கிக் எப்படி என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேட்டுத் தூள்களுக்கு நட்சத்திரம் போட்ட பழக்கமே இப்பொருளுக்கு அளவுக்கு மீறிய புகழைத் தந்தது என்பதால், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு லேபிளிலிருந்து தொடங்குகிறேன்.

லேபிளில் ஆறு பொருள்கள் இருந்தன: அர்ஜினைன் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட், கிரியேட்டின் மோனோஹைட்ரேட், பீட்டா-அலனின், காஃபீன், 1,3-டைமெத்தில்அமைலமைன் (இதுதான் டிஎம்ஏஏ), ஷிசாண்ட்ரால் ஏ. ஒரு ஸ்கூப்பில் இவை ஆறும் சேர்ந்து 4145 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது எங்கும் இல்லை. "தனியுரிமைக் கலவை" என்ற தலைப்பின் கீழ் மொத்த எடையைச் சொல்லி, உட்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுதிவிட்டால் அமெரிக்கச் சட்டத்துக்கு அது போதும். வாங்குகிறவருக்கு அது போதாது. காஃபீன் 100 மில்லிகிராமா 250 மில்லிகிராமா என்று தெரியாமல், அதனோடு இன்னொரு ஊக்கி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் தெரியாமல், "ஒன்று முதல் மூன்று ஸ்கூப் வரை" எடுக்கலாம் என்ற குறிப்பை நம்பி ஒருவர் தன் இதயத் துடிப்பை மூன்று மடங்கு அளவுள்ள ஓர் ஊகத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே இப்பொருளை நான் நிராகரித்திருப்பேன்.

அந்த 4145 என்ற எண்ணைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது. கிரியேட்டினின் பலன் ஆய்வுகளில் உறுதிப்பட்ட ஒன்று. ஆனால் அது நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை தொடர்ந்து எடுத்துத் தசையில் சேர்ந்த பிறகு கிடைக்கும் பலன், பயிற்சிக்கு அரைமணி முன்பு குடித்ததால் கிடைப்பது அன்று. பீட்டா-அலனினும் அப்படியே: நாளுக்கு 3.2 முதல் 6.4 கிராம் வரை, குறைந்தது நான்கு வாரங்களுக்கு எடுத்தவர்களிடமே பலன் அளக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டின் குறைந்தபட்ச அளவுகளைக் கூட்டினாலே 6.2 கிராம் வருகிறது. பட்டியலில் இவற்றுக்கு முன்னால் நிற்கும் அர்ஜினைனையும் சேர்த்து 4.145 கிராமுக்குள் அடங்கிய ஒரு ஸ்கூப், இரண்டையும் உரிய அளவில் தந்திருக்கவே முடியாது. மூன்று ஸ்கூப் போட்டால் ஒருவேளை எட்டலாம், ஆனால் அப்போது இரண்டு ஊக்கிகளும் மும்மடங்காகின்றன. முகத்திலும் கைகளிலும் ஊசி குத்துவது போல எழும் குறுகுறுப்பைப் பலர் "தூள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது" என்று விமர்சனங்களில் எழுதியிருந்தார்கள். அது பீட்டா-அலனின் தோலின் நரம்பு முனைகளில் உண்டாக்கும் தற்காலிக விளைவு. வலிமையோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆக, வாடிக்கையாளர் புகழ்ந்த அந்த வேகம், அந்தக் கவனக்குவிப்பு, பசியின்மை, இன்னும் ஒரு செட் அடித்துவிடலாம் என்ற துணிச்சல் யாவும் காஃபீனுக்கும் டிஎம்ஏஏவுக்கும் உரியவை. காசு கொடுத்து வாங்கப்பட்டது ஊக்கிதான். மீதியெல்லாம் அதற்குத் துணையாக டப்பாவில் ஏறியவை.

இந்த ஊக்கி புதியதன்று. எலி லில்லி நிறுவனம் 1944-இல் காப்புரிமை பெற்று, 1948 முதல் ஃபார்தேன் என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக விற்றது. மூக்கின் உட்புறத்து ரத்த நாளங்களைச் சுருக்கி அடைப்பைக் குறைப்பது அதன் வேலை. 1983-இல் நிறுவனமே கேட்டுக்கொண்டதன்பேரில் அதன் அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாரும் அதை நினைக்கவில்லை. உடல் எடைக் குறைப்புக்கும் விளையாட்டுக்கும் விற்கப்பட்ட எஃபெட்ரா என்ற தாவரச் சாற்றை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2004-இல் தடைசெய்தபோது சந்தையில் ஒரு காலியிடம் உண்டாயிற்று. பால்கோ ஊக்கமருந்து வழக்கில் தண்டனை பெற்ற வேதியியலாளர் பேட்ரிக் ஆர்னால்டு 2006-இல் டிஎம்ஏஏவை ஜெரனமைன் என்ற வணிகப் பெயரில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். மூக்கில் உறிஞ்சச் சிறு அளவில், மருத்துவத் தேவைக்காக அனுமதிக்கப்பட்ட ஒரு மருந்து, வாய்வழி விழுங்கும் அளவில், காஃபீனோடு சேர்ந்து, கடும் பயிற்சிக்குச் சற்று முன்பு எடுக்கும் பொருளாக மாறியது. இந்த மூன்று மாற்றங்களுக்கும் யாரும் முன்கூட்டியே பாதுகாப்புச் சோதனை நடத்தவில்லை. அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டு உணவுத் துணைப்பொருள் சட்டத்தின்படி இத்தகைய பொருள்களுக்கு விற்பனைக்கு முன் அனுமதி தேவையில்லை. புதிய உட்பொருள் என்றால் 75 நாட்களுக்கு முன்பு எஃப்டிஏவுக்கு அதன் பாதுகாப்புக்கான ஆதாரத்தோடு தெரிவிக்க வேண்டும். டிஎம்ஏஏவுக்காக அப்படி எதுவும் தரப்படவில்லை என்று 2012 ஏப்ரலில் எஃப்டிஏ பத்து நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

உடலில் அது செய்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நரம்பு முனைகளில் உடலை உசுப்பும் வேதிப்பொருளான நோர்அட்ரினலின் மிகுந்து நிற்கச் செய்கிறது; ரத்த நாளங்கள் சுருங்குகின்றன; ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓய்வாக நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் இதை அளப்பது ஒன்று, நூறு கிலோ எடையை முதுகில் தாங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்பவரிடம் நிகழ்வது வேறொன்று. அந்த நிலையில் ரத்த அழுத்தம் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆரோக்கியமான பத்து இளைஞர்களிடம் 2011-இல் செய்த ஆய்வில், டிஎம்ஏஏவின் அளவு கூடக் கூட ரத்த அழுத்தம் கூடியது. காஃபீனோடு சேர்ந்தபோதும் அந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது. இன்னோர் ஆய்வில் வாய்வழி எடுத்த டிஎம்ஏஏ உடலில் பாதியாகக் குறைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மாலை ஏழு மணிக்கு ஒரு ஸ்கூப் குடித்தவரின் உடலில் அதிகாலை மூன்று மணிக்கும் அதில் பாதி இருக்கும் என்பது இதன் பொருள். தூக்கம் வரவில்லை, பின்னர் இரண்டு நாள் அடித்துப்போட்டது போல் இருந்தது என்று பழைய பயனர்கள் எழுதியவற்றுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இவ்வளவும் கொடுத்து என்ன கிடைத்தது என்று கேட்டால், டிஎம்ஏஏவையும் காஃபீனையும் கொடுத்து 10 கிலோமீட்டர் ஓடவைத்துப் பார்த்த ஆய்வில் ஓடும் நேரம் குறையவில்லை. பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரமாக நிறுவனம் முன்வைத்தவை இதுபோன்ற சிறிய, குறுகிய கால ஆய்வுகள்தாம். பத்துப் பன்னிரண்டு பேரிடம் சில வாரங்கள் செய்யும் ஆய்வில், ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய பக்கவாதமோ மாரடைப்போ தென்படாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

அவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தென்பட்டன. 2011-இல் அமெரிக்கப் படைவீரர்கள் இருவர் உடற்பயிற்சியின்போது இதயம் நின்று இறந்தார்கள். அவர்களுடைய உடலில் டிஎம்ஏஏ கண்டறியப்பட்டதும், அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவத் தளங்களின் கடைகளிலிருந்து இத்தகைய பொருள்கள் அகற்றப்பட்டன. 2012 லண்டன் மாரத்தானில் 30 வயதுப் பெண் ஒருவர் இறுதிக் கோட்டை நெருங்கும் வேளையில் சரிந்து இறந்தார்; அவர் தண்ணீரில் கலந்து குடித்தது ஜாக்3டி. கடும் உழைப்பால் நேர்ந்த இதயச் செயலிழப்பு, டிஎம்ஏஏ நச்சால் மேலும் சிக்கலாயிற்று என்பது 2013 ஜனவரியில் நடந்த மரண விசாரணையின் முடிவு. நியூசிலாந்தில் இதே பொருள் கேளிக்கை மாத்திரையாக விற்கப்பட்டது; அங்கே அதைக் காஃபீனோடும் மதுவோடும் எடுத்த 21 வயது இளைஞருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டதை 2010-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். எஃப்டிஏவுக்கு 2013 ஏப்ரல் வரை டிஎம்ஏஏ சேர்ந்த பொருள்கள் தொடர்பாக 86 நோய், இறப்புப் புகார்கள் வந்திருந்தன. விற்பனையான டப்பாக்களோடு ஒப்பிட்டால் அது சிறிய எண்ணே என்று நிறுவனத்தின் ஆதரவாளர்கள் சொன்னது கணக்களவில் சரி. ஒவ்வொரு மரணத்திலும் டிஎம்ஏஏவே காரணம் என்று நிறுவப்படவும் இல்லை. ஆனால் புகார் தருவது விருப்பத்துக்கு விடப்பட்ட ஏற்பாட்டில், நெஞ்சு படபடத்து மறுநாள் சரியாகிவிட்டவர்கள் யாரும் படிவம் நிரப்பப் போவதில்லை. மேலும், தடகள வீரரின் மேடை ஏறும் ஆசையும் இல்லாத ஒருவர், உடம்பு கொஞ்சம் கட்டாக வேண்டும் என்பதற்காக ஏற்க வேண்டிய இடர் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது அதிகமே என்பது என் கருத்து.

கனடா 2011-இலும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை 2012-இலும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் இதன் விற்பனையை நிறுத்தின. 2013 ஜூலையில் யுஎஸ்பிலாப்ஸ் தன் கிடங்கில் இருந்த சுமார் 80 லட்சம் டாலர் மதிப்புள்ள டிஎம்ஏஏ பொருள்களை அழித்தது.

இப்பொருளின் பின்னால் இருந்த தாவரக் கதையைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையடையாது. லேபிளில் டிஎம்ஏஏவின் அருகே ஜெரேனியத் தண்டு என்று ஒரு குறிப்பு இருந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நறுமண எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்ட அதே இனச் செடிதான். 1996-இல் ஒரு சீன ஆய்விதழில் வெளியான கட்டுரை, ஜெரேனிய எண்ணெயில் இப்பொருள் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதாகச் சொன்னது. தொழில்துறை முழுவதும் அதைப் பற்றிக்கொண்டு, இது செடியிலிருந்து வருவது, ஆகவே உணவுப் பொருள் என்று வாதிட்டது. பின்னர் வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் ஜெரேனிய எண்ணெய்களையும் செடிகளையும் சோதித்தபோது அந்த ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது அகப்படவே இல்லை. டப்பாவில் இருந்த டிஎம்ஏஏவின் மூலக்கூறு வடிவங்களுடைய விகிதம் தொழிற்சாலையில் தயாரித்த டிஎம்ஏஏவோடு பொருந்தியது. வேறொரு நிறுவனம் தொடர்பான வழக்கில் 2019-இல் அமெரிக்காவின் பதினோராம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம், டிஎம்ஏஏ ஒரு தாவரத்தின் உட்பொருள் என்று கருதத்தக்கதன்று என்று தீர்ப்பளித்தது. யுஎஸ்பிலாப்ஸும் அதே ஆண்டு, தவறான விவரங்களோடு உணவுப் பொருள்களைச் சந்தைக்கு அனுப்பச் சதி செய்த குற்றச்சாட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

டிஎம்ஏஏவை எடுத்துவிட்ட பிறகு அந்நிறுவனம் செய்தது இன்னும் வேடிக்கை. அதன் மற்றொரு தயாரிப்பான ஆக்சிஎலைட் புரோவின் புதிய வடிவத்தில் ஏஜெலின் என்ற பொருளைச் சேர்த்தார்கள். அது நம் வில்வ இலையில் உள்ள சேர்மம்; டப்பாவில் போனதோ ஆலையில் செய்த அதன் நகல். 2013-இல் ஹவாய்த் தீவுகளில் அதை உட்கொண்டவர்களிடையே கல்லீரல் அழற்சி அலையாகப் பரவியது. ஒருவர் இறந்தார், சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, நிறுவனம் பொருளைத் திரும்பப் பெற்றது. சிவனுக்குச் சாத்தும் இலையின் பெயர் இருந்தால் நம் ஊரில் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய ஃபார்முலாவுக்கு மாற்று என்று இன்று விற்கப்படுபவற்றை ஜாக்3டியின் வாரிசுகளாகவே கொள்ள வேண்டும். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் கோஹன் குழுவினர் பல ஆண்டுகளாக இத்தகைய தூள்களை வாங்கிச் சோதித்து வருகிறார்கள். 2017-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் டிஎம்ஏஏவோடு அதன் இன்னொரு வடிவமான 1,4-டிஎம்ஏஏ, டிஎம்பிஏ, ஆக்டோட்ரின் என மொத்தம் நான்கு ஊக்கிகள் பதிவாகியிருந்தன. 2021-இல் வெளியானதில் அந்த எண்ணிக்கை ஒன்பதாகியிருந்தது. ஆக்டோட்ரினைத்தான் டிஎம்எச்ஏ என்ற பெயரில் ப்ரீ-வொர்க்அவுட் லேபிள்களில் அதிகம் காண்கிறோம். அதுவும் பழைய மருந்துதான், அதற்கும் ஒரு தாவர முகமூடி உண்டு; வால்நட் மரத்தின் தாவரப் பெயரை அதன் அருகில் எழுதிவிடுகிறார்கள். எஃப்டிஏ 2019-இல் அதை விற்ற நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. டிஎம்ஏஏவைப் பற்றியாவது ஒரு சில மனித ஆய்வுகள் உண்டு. டிஎம்பிஏவையும் டிஎம்எச்ஏவையும் இன்றைய தூள்களில் உள்ள அளவுகளில் மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் அநேகமாக வாடிக்கையாளர்கள் மட்டுமே. ஒன்று தடைபட்டால் அதைவிடக் குறைவாக அறியப்பட்ட இன்னொன்று அந்த இடத்துக்கு வருவதால், "இதில் டிஎம்ஏஏ இல்லை" என்ற வாசகத்தை நான் ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

போட்டிகளில் பங்கேற்பவர்களுக்கு இது தனிப்பட்ட ஆபத்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் மெத்தில்ஹெக்சேனமைன் என்ற பெயரில் டிஎம்ஏஏ 2010 முதல் இருக்கிறது. அந்த ஆண்டு டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற நைஜீரிய வீராங்கனையின் தங்கப் பதக்கம் பறிபோனது இப்பொருளால்தான். போட்டிக்கு முந்தைய சோதனைகளில் இந்திய வீரர்கள் சிலரும் இதற்காகவே சிக்கினார்கள். லேபிளில் வேறு பெயர் போட்டிருந்தது என்ற விளக்கம் அங்கே எடுபடாது. போலீஸ், ராணுவத் தேர்வுகளுக்காகத் தயாராகும் இளைஞர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிறுநீரில் ஆம்ஃபெட்டமைன் இருக்கிறதா என்று பார்க்கும் முதல்நிலைச் சோதனைகளில் சிலவற்றில் டிஎம்ஏஏ தவறான நேர்முடிவைத் தந்திருப்பது பதிவாகியிருக்கிறது.

ஜாக்3டிக்கும் அதன் வாரிசுகளுக்கும் நான் ஒரு நட்சத்திரமும் தரவில்லை. கடைசிக்குத் தள்ளிவைத்த கிக் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: கிக் இருந்தது, பயனர்கள் பொய் சொல்லவில்லை, அது எத்தனை மில்லிகிராமில் வந்தது என்பதைத்தான் விற்றவர்கள் சொல்லவில்லை. பயிற்சிக்கு முன் ஓர் உந்துதல் வேண்டும் என்பவர்களுக்குக் காஃபீன் ஒன்றே நன்கு ஆராயப்பட்ட வழி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. நல்ல ஃபில்டர் காபி ஒன்றோ இரண்டோ அந்த வேலையைச் செய்யும், விலையும் குறைவு. கிரியேட்டின் வேண்டுமென்றால் வேறு எதுவும் கலவாத கிரியேட்டினைத் தனியாக வாங்கி, நாளின் எந்த வேளையிலும் எடுக்கலாம். இறக்குமதி டப்பா வாங்குபவர்கள் அதில் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை இல்லாத டப்பா எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைக் கடைக்காரரிடம் கேட்டாலே பல நேரங்களில் பேரம் முடிந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தால், டைமெத்தில்அமைலமைன், மெத்தில்ஹெக்சேனமைன், 4-மெத்தில்-2-ஹெக்சனமைன், ஜெரனமைன், டைமெத்தில்பென்டைலமைன், ஜெரேனியச் சாறு, டிஎம்எச்ஏ, ஆக்டோட்ரின், 2-அமினோ-6-மெத்தில்ஹெப்டேன், டிஎம்பிஏ ஆகிய பெயர்களில் ஏதாவது லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாதி மீதம் இருக்கிறதே என்று தீர்க்க முயல வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும், மனச்சோர்வுக்கோ, ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறுக்கோ மருந்து எடுப்பவர்களும், தூள் குடித்த இரவில் மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களும் ஒரு ஸ்கூப்கூட எடுக்கக் கூடாது. எடுத்த பிறகு நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், இதுவரை அறியாத கடுமையான தலைவலி, கை கால் ஒரு பக்கம் தளர்தல், வாய் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் "ஜிம் பவுடர்" என்று மட்டும் சொன்னால் பணியில் இருக்கும் மருத்துவர் அதைப் புரதத் தூள் என்று எண்ணிக்கொள்ளக்கூடும்.